பச்சை வாந்தியும் குடலின் சுழற்சியும்

பச்சிளங்குழந்தை பால் கக்குவது இயல்பு. குடித்த பால் வெண்மையாகவோ தயிர்போல் திரிந்தோ வெளிவந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், பிறந்து சில நாட்களே ஆன குழந்தை பச்சை நிறமாக வாந்தியெடுக்குமாயின் ஒரு வேளையும் தாழ்த்தலாகாது. அது பித்தநீரின் நிறம். பித்தநீர் வந்து கலப்பது இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில். அது மேலேறி வாய்வழியே வருகிறதென்றால், அதற்குக் கீழே வழி அடைபட்டிருக்கக்கூடும். குடல் தனக்குரிய முறையில் அமையாமை அவ்வடைப்பிற்கு ஒரு காரணம்.

கருவில் குடல் வளரும் விதம் வியப்புக்குரியது. ஆறாவது வாரமளவில் வயிற்றறையில் இடம் போதாமல் அது தொப்புள்கொடிக்குள் சென்று வளர்கிறது. பத்தாவது வாரமளவில் திரும்புகிறது. இதனிடையே, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழன்றுவிடுகிறது. சிறுகுடலின் தொடக்கம் இடப்புறம் மேலேயும், பெருங்குடலின் தொடக்கம் வலப்புறம் கீழேயும் அமைகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே குடலைத் தாங்கும் சவ்வு விசிறிபோல் அகன்று பின்சுவரில் பற்றியிருக்கிறது. சுழற்சி நடுவிலே நின்றுவிட்டால் அவ்விரு முனைகளும் நெருங்கிவிடுகின்றன, விசிறி காம்பாகிவிடுகிறது. காம்பில் தொங்கும் பொருள் முறுக்கிக்கொள்வது எளிதன்றோ? குடலுக்குக் குருதி கொணரும் நாளமும் அக்காம்பினூடேதான் செல்கிறது. முறுக்கு விழுந்தால், சில மணி நேரத்திலேயே சிறுகுடலின் பெரும்பகுதி அழிய நேரிடலாம்.

இத்தகைய குழந்தையின் வயிறு தொடக்கத்தில் உப்பாமல் மென்மையாகவே இருக்கக்கூடும். தாயை ஏமாற்றுவது இதுவே. தமிழ்நாட்டில் குழந்தை வாந்தியெடுத்தால் 'குடலேற்றம்' என்று கூறி, எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதுண்டு. முறுக்கிய குடலை அந்த நீவுதல் அவிழ்க்காது, பொழுதுதான் வீணாகும்.

மருத்துவர், எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்தைக் குழந்தைக்குப் புகட்டிப் படமெடுப்பார். முன்சிறுகுடல் முதுகெலும்பைக் கடந்து இடப்புறம் மேலேறாமல் வலப்புறமாகவே இறங்கினால், சுழற்சி குறைவுபட்டதென அறியலாம். அல்ட்ராசவுண்ட் கருவியில், முறுக்கிய நாளங்கள் நீர்ச்சுழிபோல் தோன்றும். குழந்தை மிகவும் தளர்ந்திருப்பின் படங்களுக்குக் காத்திராமல் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதும் உண்டு.

இதற்குரிய சிகிச்சையை பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் லாட் 1936-ஆம் ஆண்டில் விளக்கினார். முறுக்கை அவிழ்த்து, முன்சிறுகுடலை அழுத்தும் பட்டைகளை வெட்டி, குறுகிய காம்பை அகலமாக்க வேண்டும். பிறகு அவர் குடலை அதன் இயல்பான இடத்தில் வைக்க முயலவில்லை! சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் வைத்தார். தீங்கு இடத்திலன்று, குறுகிய காம்பிலே உள்ளது என்று கண்டதே அவருடைய நுண்ணறிவு. இன்றும் இம்முறையே கையாளப்படுகிறது. குடல்வாலையும் பெரும்பாலும் அகற்றிவிடுவர். இடப்புறம் சென்றுவிட்ட குடல்வால் பிற்காலத்தில் வீங்கினால், வலி இடப்புறம் தோன்றி மருத்துவரை மயக்கும்.

இக்குறையுடன் பிறந்தும் யாதொரு தொல்லையுமின்றி முதுமை எய்துவோர் உளர். எனினும், தொல்லை காண்போருள் பெரும்பாலோர்க்கு அது பிறந்த முதல் மாதத்திலேயே தோன்றுகிறது. பச்சை வாந்தி கண்டால் பால் கொடுப்பதை நிறுத்தி, குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்க. கறைபட்ட துணியைத் துவைத்துவிடாமல் கையோடு கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டுக.