கால் வீக்கமும் ஒரு கரண்டி உப்பும்

நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ள தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், "கால்ல நீர் கோத்திருக்கு" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுக்கிப் பிடிக்கும். தூங்கி எழுந்தால் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். உடனே யாராவது, "தண்ணிய அளவா குடிங்கன்னா கேட்டாத்தானே!" என்று கடிந்துகொள்வார். இதில் பாதிதான் உண்மை. முக்கியக் குற்றவாளி சமையலறை ஜாடியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது.

பெரியவர்களின் கைமுட்டி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம், விலா எலும்புகளின் கீழ்வரிசையை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. 15 லிட்டர் குடத்தில் 12 குடம்! ஆனால் சிறுநீராக வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எவ்வளவு உப்பைத் திரும்ப எடுப்பது, எவ்வளவு நீரை விடுவது என்று கணக்குப் பார்ப்பதில்தான் சிறுநீரகத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். மருத்துவமனையில் ஏற்றுகிற சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்திருக்கும். நம் ரத்த நீரின் உப்புத்தன்மையும் ஏறக்குறைய அதுதான். அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நீங்கள் ஊறுகாயை ஒரு கை பார்த்துவிட்டால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பீர்கள். கூடுதல் உப்பையும் நீரையும் உங்கள் சிறுநீரகம் ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. உப்பு உள்ளேயே தங்கும். அதை நீர்க்கச் செய்யத் தண்ணீரும் தங்கியாக வேண்டும். 9 கிராம் உப்பு தங்கினால் ஒரு லிட்டர் நீர், அதாவது ஒரு கிலோ எடை. ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம் தங்கினால் அரை லிட்டருக்கும் மேல். கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் பரிமாறிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை மட்டும் ஒளித்துவைத்தால் என்ன பயன்? பாவம், தாகத்தோடு அவர் என்னதான் செய்வார்! உடல்நலம் உள்ள பெரியவர்களே ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மிஞ்சிய நீர் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, தசைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில் தேங்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் கணுக்காலுக்கு இறங்கும். படுத்தால் முகத்துக்கும் வரும். வீக்கம் உள்ளவரின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் பெருவிரலால் மெதுவாகச் சில நொடி அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி விழும். அது நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும். உங்கள் காலிலும் அழுத்திப் பாருங்கள். குழி நிற்காது. (வீக்கம் எல்லாமே சிறுநீரகத்தால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதயமும் கல்லீரலும்கூடக் காரணமாகலாம்.) நீர் நுரையீரலில் சேர்ந்தால்தான் பேராபத்து. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்னால், அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வீக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிடித்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட். உடம்பு வீங்குவதே ஒரு தனி நோய் என்று பல மருத்துவர்கள் எண்ணியிருந்த காலம் அது. உடல் வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கொஞ்சம் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார் பிரைட். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுத்துத் திரள்கிறதல்லவா, அப்படியே சிறுநீரும் திரண்டது! ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகியிருந்தது. அப்படிப்பட்ட நோயாளிகள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. மூன்றையும் முடிச்சுப் போட்டு 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு கரண்டி, ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான் செலவு! அல்புமினுக்கு நீரை ரத்தக் குழாய்க்குள் இழுத்துவைக்கும் குணம் உண்டு. அது ரத்தத்தில் மிகவும் குறைந்தால் நீர் எளிதாகக் கசிந்துவிடும். எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் 1896-ல் இதை விளக்கினார். சிறுநீர் எப்போதும் அடங்காமல் நுரைத்தால் மருத்துவர்கள் அதைச் சோதிக்கச் சொல்வது இந்த அல்புமினுக்காகத்தான்.

இனி வைத்தியம். நீர் பிரிவதற்கென்று கொடுக்கும் மாத்திரை, சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுக்கும் வழியை அடைக்கிறது. உப்பு வெளியேற, நீரும் பின்னாலேயே போகிறது. குடிக்கும் தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. நோயின் தொடக்கத்தில் கட்டுப்பாடே தேவைப்படாமல் போகலாம். சிறுநீர் மிகவும் குறைந்தவருக்கு மருத்துவர் அளவு குறித்துக் கொடுப்பார். அப்போது காபி, ரசம், கஞ்சி, ஐஸ் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

வீக்கத்தைக் கண்ணால் அளப்பதைவிட எடை மெஷினை நம்பலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மெஷினில் நிற்க வேண்டும். இரண்டே நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்காது. அவ்வளவு வேகத்தில் கொழுப்பு சேராது. அது நீர்தான், மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும். நோட்டில் எழுதிவைக்கும் வேலையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்களேன்.

இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் எடைதான் வழிகாட்டி. பெரும்பாலும் வாரம் மூன்று முறை, தடவைக்கு நாலு மணி நேரம். மிகுதி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்பார்கள். அதற்கு மேல் இரண்டரை கிலோ என்றால், இரண்டரை லிட்டரை அந்த நாலு மணி நேரத்துக்குள் இயந்திரம் இழுக்க வேண்டும். அவசரமாக நிறைய இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

கடையில் 'சோடியம் குறைவு' என்று ஓர் உப்புப் பாக்கெட் இருக்கும். தாத்தாவுக்கு நல்லது என்று ஆசையாக வாங்கிவிடாதீர்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். பொட்டாசியம் உள்ள இளநீருக்கும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, உப்பைக் குறைத்தே சமைக்கச் சொல்லுங்கள். முதல் சில நாள் தாத்தா முகம் சுளிப்பார். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.