கறுப்பிக்குப் பிரசவம் பார்த்த இரவு

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். கிள்ளானில் மாலையில் தவறாமல் மழை பெய்துகொண்டிருந்த நேரம். எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் ஒதுங்கிய கறுப்பு நாய் ஒன்று, மழை விட்ட பிறகும் போகவில்லை.

"சோறு வைக்காதே, அப்புறம் இங்கேயே தங்கிடும்" என்றார் அம்மா. மறுநாள் காலையில் அவரே சோறு பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார். கறுப்பி என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

மூன்று வாரத்தில் வயிறு காட்டிக்கொடுத்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் மண்டையோடுகளை எண்ணிவிட்டு, "ஐந்து குட்டிகள். இந்த எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள்" என்றார். எத்தனை குட்டி என்று தெரிந்தால்தானே பிரசவம் முடிந்துவிட்டதா, உள்ளே இன்னும் குட்டி இருக்கிறதா என்று சொல்ல முடியும்?

நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். தெருவிலிருந்து வந்த கறுப்பிக்கு நாள் கணக்கு ஏது? அதற்கும் மருத்துவர் ஒரு வழி சொன்னார். நாயின் உடல் வெப்பம் வழக்கமாக 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். பிரசவம் நெருங்கும்போது 37.5-க்குக் கீழே இறங்கும். இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிடும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, காலையும் மாலையும் குறித்து வைத்தேன்.

சமையலறைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மூலையில், ஐஸ்பெட்டி வந்த அட்டைப் பெட்டியை வெட்டி வைத்தோம். உள்ளே பழைய நாளிதழ்கள், அவற்றின் மேல் துண்டுகள்.

பையைக் கிழி!

ஒரு வியாழக்கிழமை மாலை தெர்மாமீட்டர் 37.1 காட்டியது. கறுப்பி சோற்றைத் தொடவில்லை. மூச்சிரைத்தாள், நடுங்கினாள், நாளிதழைக் கிழித்துக் கிழித்துக் குவித்தாள். நள்ளிரவு தாண்டி 1.40-க்கு முதல் குட்டி வந்தது. மேலே சுற்றியிருந்த சவ்வைப் பல்லால் கிழித்து, கொடியைக் கடித்து, நக்கியே அதை அழவைத்தாள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வந்தன. நஞ்சு விழுவதை மட்டும் எண்ணிக்கொண்டு, நான் கிட்டே போகாமல் இருந்தேன்.

நான்காவது வரும்போது கறுப்பி களைத்துப் போயிருந்தாள். குட்டி சவ்வோடு கிடந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கை ஓடவில்லை.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? பையைக் கிழி!"

அம்மா தோட்டத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். நான் தடுமாறுவதைப் பார்த்ததும் அவரே குனிந்து முகத்துப் பக்கம் சவ்வைக் கிழித்தார். வாயையும் மூக்கையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, துண்டால் முதுகைத் தேய்த்தார். "ஆட்டுக்குட்டிக்கும் இப்படித்தான் செய்வோம்." சற்று நேரத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கொடியை நூலால் கட்டி, சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, நுனியில் அயோடின் தொட்டு வைத்தேன். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி உதறும் பழக்கம் சிலரிடம் உண்டு. மூளையில் காயம் ஏற்படலாம் என்பதால் அதைச் செய்யவே கூடாது.

ஐந்தாவது குட்டி விடியுமுன் வந்தது. மற்றவற்றில் பாதிதான் இருந்தது.

எப்போது மருத்துவரை அழைப்பது?

அன்றிரவு நான் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பு இது: அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை. உள்ளே குட்டி இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரமாக எதுவும் வரவில்லை. முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் நீர் வடிகிறது. இவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரவிலும் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

நான் செய்த தவறு

பிறந்த முதல் நாளில் கிடைக்கும் சீம்பால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. ஐந்தையும் மாற்றி மாற்றி மடியில் விட்டோம். அம்மா மாவு நிறுக்கும் தராசில் தினமும் எடை பார்த்தேன். பத்து நாளுக்குள் பிறந்த எடை இரண்டு மடங்காக வேண்டும். நான்கு குட்டிகள் ஏறின. ஐந்தாவது ஏறவில்லை.

மூன்றாம் நாள் இரவு அது மற்றவற்றை விட்டு விலகிக் கிடந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. பசியால்தான் என்று நினைத்து, குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துச் சிரிஞ்சில் கொடுத்தேன். காலையில் அது உயிரோடு இல்லை.

குளிர்ந்துபோன குட்டியின் குடல் வேலை செய்யாது, பால் செரிக்காது, நுரையீரலுக்குள்ளும் போய்விடலாம் என்று மருத்துவர் சொன்னபோதுதான் தெரிந்தது. முதலில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். முதல் வாரத்தில் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. படுக்கும் இடம் 30 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் என்ன குளிர் என்று நினைத்த நான், வெறும் டைல்ஸ் தரையில் பெட்டியை வைத்து, மழை இரவில் மின்விசிறியையும் போட்டிருந்தேன்.

"சின்னக் குட்டி, எப்படியும் தங்கியிருக்காதும்மா" என்றார் அம்மா. இருக்கலாம். ஆனாலும் அன்றே பெட்டிக்கு அடியில் பலகை போட்டேன். துண்டு சுற்றிய வெந்நீர்ப் போத்தலை ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டிகள் நகர இடம் வேண்டுமே.

தாயையும் கவனியுங்கள்

பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு சாப்பாடு தேவைப்படும். சில வாரங்களில் உடம்பு நடுங்கினாலோ, கால் விறைத்து நடந்தாலோ இரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து, உடனே கிளினிக்குக்கு ஓட வேண்டும். அதற்காகச் சினையின்போதே நாமாகக் கால்சியம் மாத்திரை கொடுப்பது ஆபத்தை இன்னும் கூட்டும்.

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தன. இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்து, ஆறாவது வாரத்தில் முதல் தடுப்பூசி. எட்டு வாரம் நிறைந்த பிறகே குட்டிகளைப் பிறர் கையில் கொடுத்தோம். மூன்று குட்டிகள் தெரிந்த வீடுகளுக்குப் போயின. கறுப்பிக்குக் கருத்தடை அறுவை சிகிச்சையும் முடிந்தது. தெருவில் பிறக்கும் குட்டிகளுக்குச் சூடான பெட்டியும் தராசும் யார் வைப்பார்கள்?

நான்காவது குட்டியைக் கேட்டு இருவர் வந்தார்கள். "அது கொடுக்கிறதுக்கில்லை" என்று அம்மா சொல்லிவிட்டார்.