கூழ்நிலையும் மருந்தும்

ஒரு குவளை நீரிற் சீனியை இட்டுக் கலக்கினால் அது கரைந்து மறைகின்றது. மணலை இட்டுக் கலக்கினால் அது சிறிது நேரத்தில் அடியிற் படிந்துவிடுகின்றது. பாலோ இவ்விரண்டு நிலையையும் சேர்ந்ததன்று. பாலிலுள்ள கொழுப்பும் புரதமும் சீனியைப் போலக் கரைவதில்லை. மணலைப் போல உடனே பிரிந்து விழுவதுமில்லை. கரைதலுக்கும் படிதலுக்கும் இடைப்பட்ட இந்நிலையையே கூழ்நிலை என்பர். இரத்தம், இறப்பர்ப் பால், கலங்கிய ஆற்று நீர், மருந்துச்சாலையில் நாம் பெறும் மருந்துகள் பல ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவை பிரியாது நிற்பது எதனால்? பிரிந்துவிடுவது எப்பொழுது? நோயாளியின் நலம் சிலவேளைகளில் இவ்வினாக்களின் விடையையே பொறுத்திருக்கின்றது.

1861 ஆம் ஆண்டில் தோமசு கிரகாம் என்னும் இரசாயன அறிஞர், உப்பும் சீனியும் சவ்வுத்தாளை எளிதிற் கடந்து செல்வதையும், பிசினும் செலற்றினும் கடவாது தங்குவதையும் எடுத்துக்காட்டினார். பசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பின்னவற்றுக்குக் 'கொலொயிட்டு' எனப் பெயரிட்டார். சவ்வினாற் பிரிக்கும் முறைக்கு அவர் வழங்கிய பெயர் 'டயலிசிசு' என்பது. சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தைத் தூய்மை செய்யும் கருவி இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே. கழிவுப்பொருளாகிய யூரியா சவ்வைக் கடந்து வெளியேறுகின்றது. இரத்தப் புரதங்கள் உள்ளேயே தங்குகின்றன.

கூழ்த்துணிக்கையின் குறுக்களவு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையாகும். ஆதலின் அது வடிதாளினூடாகவும் சென்றுவிடும். எனினும், கூரைத் துவாரத்தின் வழியே வரும் கதிரொளி அடுக்களைப் புகையிற் கோடாகத் தெரிவது போல, கூழ்நிலைத் திரவத்திற் பாய்ச்சிய ஒளியும் கோடாகத் தெரியும். துணிக்கைகள் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். நீர் மூலக்கூறுகள் எப்பக்கமிருந்தும் ஓயாது மோதுவதால் இத்துணிக்கைகள் அடியிற் படியாது அலைகின்றன.

அலையும் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளாதிருப்பது எங்ஙனம்? அவற்றுக்கு இரு காவல்கள் உள்ளன. முதலாவது மின்னேற்றம். ஒரே வகை ஏற்றமுடைய துணிக்கைகள் ஒன்றையொன்று விலக்கும். 1857 ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரிற் பரவச் செய்து மாணிக்கச் சிவப்பான திரவத்தைப் பெற்றார். அதிற் சிறிது உப்பை இட்டதும் சிவப்பு நீலமாயிற்று. உப்பினால் விலக்கும் விசை தளரவே துணிக்கைகள் திரண்டுவிட்டன. உப்பின் அயன் தாங்கும் ஏற்றம் மிகுந்தோறும் இவ்வாற்றலும் மிகும். சோடியத்தினும் கல்சியமும், கல்சியத்தினும் அலுமினியமும் வலியவை. படிகாரம் கலங்கல் நீரைத் தெளிவிப்பது அதிலுள்ள அலுமினியத்தாலேயாகும். இறப்பர்ப் பாலில் அமிலத்தை விட, அது உறைவதும் ஏற்றம் நீங்குவதாலேயே.

இரண்டாவது காவல் போர்வை. பிசின், செலற்றின் போன்றவை துணிக்கையைச் சுற்றிப் படிந்து, பிறிதொன்று நெருங்காது தடுக்கும். எண்ணெயையும் நீரையும் எவ்வளவு கலக்கினும் பிரிந்துவிடும்; வேலம் பிசினைச் சேர்த்து அரைத்தால் மீனெண்ணெயும் குழம்பாகி நிற்கும். மருந்து கலப்போர் நெடுங்காலமாகக் கையாண்ட முறை இது.

இனி, மருந்தைக் கூழ்நிலையில் ஆக்குவதன் பயனை நோக்குவோம். ஒரு சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனவடிவத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனையே சென்ரிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குப் பக்கமுள்ள கனவடிவங்களாகப் பகுத்தால், மொத்த மேற்பரப்பு 60 சதுர மீற்றராகிவிடும். அலுமினியம் ஐதரொட்சைட்டுக் கூழ் இரைப்பை அமிலத்தைத் தணிப்பதற்கு இப்பரந்த மேற்பரப்பு துணைசெய்கின்றது. ஏற்புவலித் தடுப்பு மருந்தின் செயற்பொருளைத் தன்மேல் ஏற்று நிறுத்துவதும் இத்தகைய அலுமினியச் சேர்வையே.

காவல் தளர்ந்தால் மருந்தே கேடாகலாம். வாயால் உணவு கொள்ள இயலாதோர்க்கு நாளத்தின் வழியே கொழுப்பூட்டும் முறையைச் சுவீடன் நாட்டு ஆர்விட் விரெட்லிண்டு 1960களின் தொடக்கத்தில் வெற்றியாக்கினார். சோயா எண்ணெயின் நுண்துளிகளுக்கு முட்டைக் கருவின் பொசுபோலிப்பிட்டு போர்வையாகவும் ஏற்றம் தருவதாகவும் அமைந்தது. அக்குழம்பிற் கல்சிய உப்பை அளவின்றிச் சேர்த்தால் துளிகள் ஒன்றுகூடிப் பெருக்கும். பெருத்த துளிகள் நுரையீரலின் மயிர்க்குழாய்களை அடைத்துவிடக்கூடும். பரடேயின் பொன்னில் உப்புச் செய்த செயலே இங்கு உயிருக்கு ஆபத்தாகின்றது.

குளிரும் இக்காவலைக் குலைக்கவல்லது. அலுமினியச் சேர்வையுள்ள தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையில் வைத்தல் வேண்டும். உறைந்தால் துணிக்கைகள் திரண்டு மருந்தின் ஆற்றல் கெடும். மீண்டும் உருகியபின் குலுக்கினாலும் அவை விரைவில் அடியிற் படிந்துவிடும். வீட்டில் வைத்திருக்கும் இன்சுலினும் அவ்வாறே. உறைந்ததைப் பயன்படுத்தலாகாது. கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளிடையே மெல்ல உருட்டிய பின்னரும் கட்டிகள் தென்படின், அதனை விலக்கல் வேண்டும்.

கூழ்நிலையிலுள்ளதெல்லாம் மருந்தாகிவிடாது. வெள்ளிக் கூழைச் சர்வரோக நிவாரணியெனக் கூறி விற்போர் இன்றும் உளர். அதனை நெடுநாள் அருந்துவோரின் தோல் நீலச்சாம்பல் நிறமாகி, அந்நிறம் மாறாது நின்றுவிடுவதுண்டு. மறுபுறம், 2020 ஆம் ஆண்டின் இறுதியிற் பயன்பாட்டுக்கு வந்த கோவிட்டுத் தடுப்பூசிகளுட் சில, எளிதிற் சிதையும் செயற்பொருளை நுண்ணிய கொழுப்புத் துணிக்கைகளுட் பொதிந்து உடற்கலங்களுக்குச் சேர்ப்பித்தன. அத்துணிக்கைகளும் திரளாதிருக்கப் போர்வை இடப்பட்டிருந்தது.

போத்தலின் மேல் 'நன்றாகக் குலுக்கிப் பாவிக்கவும்', 'உறையவிடற்க' என்னும் குறிப்புகளை நேயர்கள் பலர் படித்திருப்பர். முதலாவது குறிப்பைப் புறக்கணித்தால், அடியிற் படியும் மருந்தின் மேற்பகுதியை அருந்துவோர்க்கு மருந்து குறையும். இறுதிக் கரண்டியை அருந்துவோர்க்கு மிகும். இரண்டாவதைப் புறக்கணித்தால் போத்தலில் மருந்திருந்தும் பயனிராது. ஆதலின் இவ்விரு சிறு வரிகளையும் மருத்துவர் எழுதிய அளவோடு ஒப்ப மதித்து நடத்தல் நன்று.