நீலக் கூரை மாளிகையும் நம் தோட்டங்களும்



ஜொகூர் மாநிலத்துத் தோட்டக் குடும்பங்களில் ஜொகூர் பாருவை எட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. தீபாவளிக்குத் துணி எடுக்க, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க, சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளையை வழியனுப்ப என்று ஏதாவது ஒரு காரியம் நம்மை அங்கே இழுத்துவிடும். நகரத்திலிருந்து கடலோரச் சடக்கில் பெரிய ஆஸ்பத்திரியை நோக்கிப் போகும்போது, வலக்கைப் பக்கம் மேட்டின்மேல் வெள்ளைச் சுவரும் நீலக் கூரையுமாக ஒரு மாளிகை தெரியும். சுற்றிலும் புல்வெளி, நிழல் மரங்கள். அதுதான் இஸ்தானா பெசார். பெரிய அரண்மனை என்று பொருள்.

பஸ்ஸில் போகும்போது பலமுறை பார்த்திருப்பீர்கள். ஆனால் அது எப்படி வந்தது, யார் பணத்தில் வந்தது, யார் கையால் வந்தது என்று யோசித்ததுண்டா? அந்தக் கதையைக் கேட்டால், நாம் குடியிருந்த ரப்பர் தோட்டத்தின் கதையும் அதற்குள் இருப்பது தெரியும்.

மீனவர் கிராமம் தலைநகரான கதை

1855ஆம் ஆண்டு வரை இன்றைய ஜொகூர் பாரு ஒரு சிறிய கடலோரக் கிராமம்தான். தஞ்சோங் புத்ரி என்று பெயர். அந்த ஆண்டில்தான் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் ஜொகூரின் ஆட்சிப் பொறுப்பை ஒப்பந்தத்தின் மூலம் பெற்று, அங்கே ஓர் ஊரை ஏற்படுத்தினார். 1862இல் அவர் காலமானதும் மகன் அபு பக்கார் பொறுப்புக்கு வந்தார்.

அபு பக்கார் 1833இல் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் பிறந்தவர். பாதிரியார் கீஸ்பெரி நடத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்றவர். 1866இல் அவர் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். அதே ஆண்டில் ஊருக்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர், என்ற பெயரும் வந்தது. கடலைப் பார்த்தபடி இஸ்தானா பெசாரும் எழுந்தது. 1868இல் மகாராஜா என்றும், 1885இல் சுல்தான் என்றும் அவருடைய பட்டம் உயர்ந்தது. 1895இல் லண்டனில் காலமானார். அவர் தொடங்கிவைத்த மசூதி 1900இல்தான் கட்டி முடிந்தது. சுல்தான் அபு பக்கார் மசூதி என்று அவர் பெயராலேயே அது அரண்மனைக்கு அப்பால் கடலோரத்தில் நிற்கிறது.

அக்கம்பக்கமெல்லாம் வெள்ளைக்காரர் கொடி பறந்த நாளில், ஜொகூரைத் தன் கையில் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. வெள்ளைக்காரரோடு சரிசமமாக உட்கார்ந்து பேசுவது, அவர்களுக்குச் சமமான மாளிகையில் விருந்து வைப்பது, அவர்கள் மெச்சும்படியான பூந்தோட்டத்தில் உலாவ விடுவது ஆகியவையும் அந்த வழியில் அடங்கும். எனவே இந்த மாளிகையை வெறும் ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஓர் அரசியலும் இருந்தது.

மாளிகையைக் கட்டியதில் பெரும் பங்கு பெற்ற குத்தகைக்காரர் வோங் ஆ ஃபூக். சீனாவிலிருந்து 1854இல், பதினேழு வயதுப் பையனாக, தச்சு வேலைக்குக் கப்பலேறி வந்தவர். நாம் துணி எடுக்கப் போகும் ஜாலான் வோங் ஆ ஃபூக் அவர் பெயர் கொண்டதுதான். குத்தகைக்காரர் பெயர் தெருவுக்கு நிலைத்தது. கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயரை எந்தத் தெருவும் தாங்கி நிற்கவில்லை.

கட்டக்காம்பு கொடுத்த காசு

அரண்மனை கட்டும் அளவுக்கு ஜொகூரில் பணம் எங்கிருந்து வந்தது? அப்போது இங்கே ரப்பரும் இல்லை, செம்பனையும் இல்லை. வெற்றிலைத் தட்டில் பாக்கோடு வைக்கும் கட்டக்காம்பை நம் பாட்டிமாருக்குத் தெரியும். மலாய்க்காரர் அதைக் காம்பிர் என்பார்கள். அதுவும் மிளகும்தான் அன்றைய ஜொகூரின் செல்வம்.

சீனத் தொழிலாளர்கள் ஆற்றோரமாகக் காட்டை அழித்துக் காம்பிர் பயிரிட்டார்கள். இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் போட்டு, இரவு பகலாக விறகெரித்துக் காய்ச்சி, சாற்றை இறுகவைத்துக் கட்டியாக்கினார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி. காய்ச்சிய இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. சில ஆண்டுகளில் மண் சத்திழக்கும். சுற்றியிருந்த விறகும் தீரும். உடனே அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஒவ்வோர் ஆற்றுக்கும் காங்சூ என்ற ஒரு தலைவர் இருந்தார். அவர் அரசரிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஆட்களைக் கொண்டுவருவார். அவர்கள் குடியேறிய இடம் காங்கார். காங்கார் பூலாய் போன்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். அதே தொழிலாளர்களுக்கு அபின் விற்கும் உரிமையும், சூதாட்ட உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டன. அந்தக் குத்தகைப் பணமும் கருவூலத்தில் சேர்ந்தது. நம் தோட்டங்களில் கள்ளுக்கடை கூலியைத் தின்ற கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் நம்மவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பூந்தோட்டத்தின் வழியாக வந்த பால்மரம்

ரப்பர் மரம் இந்த நாட்டுக்கு முதலில் வந்தது எஸ்டேட் பயிராக அல்ல, பூந்தோட்டத்துச் செடியாக! 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகளைப் பேராவின் கோலகங்சாரில், ஆங்கிலேய ரெசிடெண்டு ஹியூ லோ தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். பூஞ்செடியோடு பூஞ்செடியாக அவை வளர்ந்தன. அந்த நாளைய மரம் ஒன்றைக் கோலகங்சாரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை ஒட்டிய நிலமும் நம் சுல்தான் அபு பக்காருடையதே. அங்கே டையர்சால் என்ற இன்னோர் அரண்மனையை அவர் 1892இல் கட்டி முடித்தார். 1905இல் அது தீக்கிரையாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கப் பூங்காவில், 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார். 'ரப்பரைப் போடுங்கள்' என்று தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்திச் சொன்னதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவருக்குப் பெயர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போன நம் பெற்றோரின் வாழ்க்கை அந்தப் பூங்காவில்தான் தீர்மானமாயிற்று.

1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை முடிந்தது. கம்பிச்சடக்கின் இருபுறமும் ரப்பர் பரவியது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி வந்தார்கள். அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராஹிமின் ஆட்சிக்காலம் அது. ஜொகூர் பாருவின் ராஜமாரியம்மன் ஆலயம் 1911இல் அவர் அளித்த நிலத்தில் எழுந்தது. இன்று கண்ணாடிக் கோயில் என்று வெளிநாட்டாரும் தேடி வரும் ராஜகாளியம்மன் ஆலயத்துக்கும் 1922இல் அரச குடும்பமே நிலம் கொடுத்தது. அம்மன் பெயருக்கு முன்னால் ராஜா வந்த காரணத்தை இனிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மாளிகை கண்ட நல்லதும் கெட்டதும்

சுல்தான் இப்ராஹிம் வேட்டைப் பிரியர். 1928இல் அரண்மனைக்கு அருகே ஒரு மிருகக்காட்சி சாலை அமைத்தார். முதலில் அரச குடும்பத்துக்கு மட்டும் இருந்த அது, 1962இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் முதன்முதல் யானையைப் பார்த்த இடம் அது. நாமும்தான் பார்த்திருப்போம்!

பின்னர் அவர் மேற்கே புக்கிட் செரீன் என்ற குன்றில் கோபுரத்தோடு புதிய அரண்மனை கட்டி, 1933இல் முடித்தார். 1942 பிப்ரவரியில் ஜப்பானியத் தளபதி யமாஷிதா அந்தக் கோபுரத்திலிருந்துதான் கடலுக்கு அப்பால் சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டு படை நடத்தினார். அதற்குப் பின் நடந்தது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். 1942, 43இல் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களே அநேகம். கோபுரத்தில் நின்ற தளபதியின் பெயர் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. லயத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர்களின் பெயர், அவரவர் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருந்தது.

இஸ்தானா பெசார் 1990இல் அரச அரும்பொருளகமாயிற்று. அரியணை, பட்டாடைகள், பரிசுப் பொருள்கள், வேட்டையாடிய புலிகள் என்று ஒரு வம்சத்தின் வாழ்க்கை அங்கே காப்பாற்றப்பட்டது. 2015 மார்ச் 23ஆம் நாள் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தரின் முடிசூட்டு விழாவும் அங்கேதான் நடந்தது. 2024இல் அவர் நாட்டின் மாமன்னராகவும் ஆனார்.

வேல்ஸ் நாட்டில் நம் பக்கத்துக் கூடாரம்

மாளிகையும் பூந்தோட்டமும் இருந்தால் அதற்குப் பின்னால் தூரதேசத்தின் செல்வம் இருக்கும் என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்றொரு நாடு. அங்கே குன்றின்மேல் செங்கல் நிறக் கல்லால் ஆன பாவிஸ் கோட்டை இருக்கிறது. படிப்படியாக இறங்கும் அதன் தோட்டம் முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. பார்க்க வருகிறவர்கள் பூவைப் பார்ப்பார்கள். உள்ளே போனால், மைசூர் திப்பு சுல்தானின் பூவேலைப் பருத்திக் கூடாரத்தைப் பார்ப்பார்கள்!

அது எப்படி அங்கே போயிற்று? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டபோது, சென்னையில் கவர்னராக இருந்தவர் எட்வர்டு கிளைவ். 'கிளைவ் பிரபு' என்று நாம் பாடத்தில் படித்த ராபர்ட் கிளைவின் மகன். அவர் மனைவி பாவிஸ் குடும்பத்துப் பெண். இப்படித்தான் தென்னாட்டுப் பொருள்கள் வேல்ஸ் மாளிகைக்குக் குடியேறின. 1952இல் அந்தக் கோட்டை ஒரு பாதுகாப்பு அறநிலையத்தின் கைக்கு வந்தது. வெற்றி பெற்றவன் வீடு பத்திரமாக இருக்கிறது. தோற்றவன் கூடாரமும் அந்த வீட்டுக்குள்தான் பத்திரமாக இருக்கிறது.

தோட்டம் போய்த் தாமான் வந்தது

தமிழில் பூ மலர்வதும் தோட்டம். நாம் பால் வெட்டியதும் தோட்டம். மலாயில் பூந்தோட்டத்துக்குத் தாமான் என்று பெயர். ஆனால் இன்று தாமான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வரிசை வரிசையான கல்வீடுகள். ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறித் தாமான்களாகிவிட்டன. மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய பிள்ளைக்குக் கடைத்தெரு. அவன் பாட்டனுக்கு அது ரப்பர்த் தோட்டம்.

மாற்றம் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஒழுகும் லயத்தைவிடச் சொந்தக் கல்வீடு மேலானதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரண்மனைக்கு அரும்பொருளகம் இருக்கிறது. பாவிஸ் கோட்டைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. லயத்தை உடைத்த அன்றே அதன் வரலாறும் உடைந்துபோகிறது. பல இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டுமே பழைய தோட்டத்தின் பெயர் மிஞ்சியிருக்கிறது.

தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாள்களே போதும். உங்கள் தோட்டத்தின் சர்க்கார் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே நம்மவர் வைத்த தமிழ்ப் பெயரை எழுதுங்கள். அது எந்த வரைபடத்திலும் கிடைக்காது. கோயில் எந்த மரத்தடியில் தொடங்கியது, முதல் வாத்தியார் யார், சயாமுக்குப் போனவர்கள் யார் யார், திரும்பியவர் யார், லயம் எந்த ஆண்டில் காலியானது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். பழைய செக்ரோல் துண்டு, சம்பளச் சீட்டு, மங்கிய கல்யாணப் படம் எதையும் குப்பையில் போடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் குறித்துவையுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போங்கள். அரும்பொருளகம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நீலக் கூரை மாளிகையைக் காட்டி, கட்டக்காம்பின் கதையைச் சொல்லுங்கள். ராஜமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, கோயில் நிலத்தின் கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் உங்கள் பழைய தோட்டம் இருந்த தாமானில் பஸ் நிற்கும்போது, பால் கொட்டகை எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுங்கள்.