பிள்ளையின் முதுகில் விழும் ஊர்க்கட்டுப்பாடு

2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்கச் சென்ற தலித் பள்ளிச் சிறுவர்களை ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பினார். ஊர்க்கட்டுப்பாடு போட்டிருப்பதால் இனி உங்களுக்குப் பொருள் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அவர் பேசிய காணொளி பரவியது. கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகிக் கைதுகள் நடந்தன. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பயன்படுத்தி, குற்றம் சாட்டப்பட்ட ஐவர் ஆறு மாதம் அவ்வூருக்குள் நுழைய நெல்லைச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது.

வழக்கின் சட்டப் பக்கம் அப்போதே விரிவாகப் பேசப்பட்டது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது 'வீட்டில் போய்ச் சொல்லுங்கள்' என்ற ஒரு சொற்றொடரை மட்டும். மிரட்டல் பெரியவர்களுக்கு, அதைச் சுமந்து செல்லும் வேலை குழந்தைகளுக்கு. இப்படியொரு செய்தி வந்து சேரும் வீட்டில் என்ன நடக்கும்? பாஞ்சாகுளத்துப் பெற்றோரைக் குறித்து நாம் பேசவில்லை. ஆனால் தென்மாவட்டச் சேரிகளில் வளர்ந்த எவருக்கும், 'அந்தத் தெருவுக்கு எதற்குப் போனாய்?' என்ற கேள்வியும் கூடவே விழும் அடியும் புதிதாக இருக்காது.

குற்றாலத்தில் சீசன் நாட்களில் ஐந்தருவிப் பக்கம் வழுக்குப் பாறையை நோக்கி ஓடும் பிள்ளைக்குப் பெற்றோர் ஓர் அறை கொடுப்பதைக் காணலாம். சுற்றியிருப்போர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பாதுகாப்புக்காகத்தானே என்று நகர்ந்துவிடுவர். சேரித் தாயும் பாதுகாப்பைத்தான் காரணம் சொல்கிறாள். அவள் அஞ்சுவது பாறையை அன்று, மனிதரை. வெளியில் கொலைவெறியோடு விழக்கூடிய அடியைத் தடுக்க, வீட்டில் சிறிய அடி ஒன்றை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாள். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் இதே வழக்கம் இருப்பதைக் குறித்து ஸ்டேசி பாட்டன் 2017இல் ஒரு நூலே எழுதினார். பிள்ளைகளை அடிப்பதால் கறுப்பின மக்கள் காக்கப்படப் போவதில்லை என்பது அவர் வாதம்.

அச்சத்தோடு அயர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கூலி பெறுகின்றனர். இலை வீணானால் நட்டம் அவர்களுடையது. அந்தக் கோபத்தைப் பீடிக்கடைக்காரரிடம் காட்ட முடியாது. திருப்பி அடிக்க இயலாத ஓர் உடல் பக்கத்திலேயே இருக்கிறது.

'அடியாத மாடு படியாது' என்பார்கள். மாட்டுக்குச் சொன்ன பழமொழியை நம் பிள்ளைகளுக்குப் பொருத்துமுன், அதே நியாயத்தை நம் முன்னோர் உடல்மீது பொருத்தியவர் யார் என்று கேட்க வேண்டும். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் தலித் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் இயக்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று அவ்விரண்டையும் ஒழிப்பது. பண்ணையாரும் ஒழுங்குக்காகவே அடிப்பதாகச் சொன்னார். மறுபேச்சின்றிப் பணியச் செய்வதே அந்த ஒழுங்கு. அதற்கு எதிராக இயக்கம் கட்டிய மக்களின் வீடுகளில் அதே நியாயம் இன்று வளர்ப்பு முறை என்ற பெயரில் உலவுகிறது.

அடியால் பயன் உண்டா என்பது தனிக் கேள்வி. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் 75 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டனர். கையால் அடிக்கும் 'சாதாரண' அடியைத்தான் அவர்கள் ஆராய்ந்தனர். அது கீழ்ப்படிதலை வளர்த்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. முரட்டுத்தனம், மனநலச் சிக்கல்கள், பெற்றோருடனான உறவுச் சிதைவு ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது.

சட்டம் இவ்விடத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் முற்றாகத் தடை செய்கிறது. வீட்டுக்கு அத்தகைய தடை இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89), பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் நலனுக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்கு, சில வரம்புகளுடன், பாதுகாப்புத் தருகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு குழந்தையைத் தாக்கித் 'தேவையற்ற' துன்பம் தருவோரைத் தண்டிக்கிறது. தேவையான துன்பம் எது என்பதை யார் அளப்பது?

வீட்டு வழக்கம் பள்ளிக்குள் எப்படி நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. பிற சாதிப் பெற்றோர் சொன்னால் அது மரியாதைப் பேச்சு. ஆசிரியர் சாதி பார்ப்பவராக இருந்தால், தலித் பெற்றோரின் வாயிலிருந்து வரும் அதே பேச்சு அவருக்கு உரிமமாகிவிடும். நாளை அந்தப் பிள்ளை வீங்கிய கையோடு வந்தால், 'நீங்கள்தானே சொன்னீர்கள்' என்பார். பெற்றோர் அனுமதித்தாலும் 17ஆம் பிரிவின் தடை நீங்காது என்பதைச் சேரிகளில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

வீட்டில் அடிப்பதையும் தடை செய்யும் சட்டம் வேண்டுமா? வேண்டும். ஆனால் அதன் வடிவம் குறித்து நமக்குக் கவலை உண்டு. காவல் நிலையத்துக்கு மேலும் ஓர் அதிகாரம் கிடைத்தால் அது முதலில் எந்தத் தெருவில் நுழையும் என்பதை நாம் அறிவோம். ஸ்வீடன் 1979இல் உலகில் முதன்முதலாக இத்தடையைக் கொண்டுவந்தபோது, குற்றவியல் சட்டத்தில் சேர்க்காமல் பெற்றோர் கடமைகளைக் கூறும் சட்டத்தில் தண்டனையின்றிச் சேர்த்தது. கூடவே வீடுதோறும் விளக்கம் சென்றது. தெற்காசியாவில் நேபாளம் 2018இல் தடை விதித்தது. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இலேயே ஏற்ற இந்தியா இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

சட்டம் வரும்வரை நம் மாலைப் பயிலகங்களில் ஒரு வேலையைத் தொடங்கலாம். தேர்வு மதிப்பெண்ணுக்காகக் கூட்டும் பெற்றோர் கூட்டத்தில், மதிப்பெண்ணுக்கு முன்பாக, இந்த வாரம் பிள்ளையை எதற்காக அடித்தீர்கள் என்று கேட்டு அவர்கள் சொல்வதை எழுதிவைப்போம். பாதிக்கு மேற்பட்ட பதில்களில் பிள்ளை செய்த தவறு இருக்காது என்பது நம் எதிர்பார்ப்பு. ஆதிக்கச் சாதித் தெரு இருக்கும், கந்து வட்டி இருக்கும், குடி இருக்கும். அந்தப் பட்டியலை 1098 குழந்தைகள் உதவி எண்ணோடு சேர்த்துப் பயிலகச் சுவரில் ஒட்டலாம். அடுத்த மாதக் கூட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.