கலைத்துப் போட்டால் கதை – 6

டாரட் சீட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்கு ஆட்டமாகத் தோன்றியது. அதை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிரான்சில் பரவியது. கட்டுக்கு 78 சீட்டுகள்; 22 பெரியவை, 56 சிறியவை. கதைக்கரு தேடி எழுதுகிறவர்கள் இன்று பெரும்பாலும் கையில் எடுப்பது, 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்டு வெயிட் திட்டமிட, ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் 'காசு எட்டு' என்றால் எட்டு வட்டங்கள், அவ்வளவுதான். பமேலா அந்தச் சீட்டில் ஓர் இளைஞனைப் பட்டறையில் உட்காரவைத்துக் காசுகளைச் செதுக்கவிட்டார். எண்ணிக்கை காட்சியாக மாறியது. வேலை பெரிது, கூலி சொற்பம் என்று அவர் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்சுக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். எழுத்தாளர்களுக்கும் பழகிய குறைதான்.

தெலங்கானாவின் மரபுகளோடு ஒப்பிட்டால் இந்த மாற்றத்தின் பலன் துலங்கும். சேரியாலின் நகாஷி ஓவியர்கள், புளியங்கொட்டைப் பசையும் வெள்ளைக் களிமண்ணும் பூசிய துணியில் கட்டம் கட்டமாகக் கதை தீட்டுகிறார்கள். கூனபுலி கதைசொல்லிகள் அந்தச் சுருளை விரித்தபடியே பத்மசாலி நெசவாளர்களுக்கு மார்க்கண்டேயர் கதை சொல்வது வழக்கம். அங்கே காட்சி உண்டு, வரிசை மாறாது. நிர்மலின் கஞ்சிஃபா வட்டச் சீட்டு இதற்கு நேர்மாறு. தசாவதாரக் கட்டில் 10 இனம், இனத்துக்கு 12 என 120 சீட்டுகள். கலைக்கலாம், ஆனால் ராஜா, மந்திரி போக மீதிச் சீட்டுகளில் மீன், ஆமை போன்ற சின்னங்களே இருக்கும். பமேலாவின் கட்டில் காட்சியும் உண்டு, கலைக்கவும் முடியும். கிளி ஜோசியத்திலும் இரண்டும் உண்டுதான். ஆனால் கிளி ஒரு சீட்டோடு கூண்டுக்குத் திரும்பிவிடும். ஒரு சீட்டு பலனுக்குப் போதும். கதைக்கு, அதன் பக்கத்தில் சம்பந்தமில்லாத இன்னொன்று வேண்டும்.

இதைக் கடைசிவரை சோதித்துப் பார்த்தவர் இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ. பேச்சிழந்த பயணிகள் சீட்டுகளை அடுக்கியே தங்கள் கதையைச் சொல்லும் அவரது நூல் 1973இல் முழுமை பெற்றது. அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். ஒருவர் கதையில் ஒரு பொருள் தந்த அதே சீட்டு, இன்னொருவர் கதையில் வேறு பொருள் தரும். சீட்டுக்கு நிலையான அர்த்தம் கிடையாது, அண்டைச் சீட்டே அதைத் தருகிறது என்பதுதான் அங்கே விதி. ஆகவே எழுதுகிறவர் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியது, கட்டோடு வரும் பலன் புத்தகத்தை.

முறை எளிது. மூன்று சீட்டு எடுத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் எழுத வேண்டும். 'காசு எட்டு', 'கோப்பை ஐந்து', 'வாள் ஆறு' வந்ததாக வைத்துக்கொள்ளலாம். முதலாவதில் பட்டறை இளைஞன். இரண்டாவதில் கறுப்புப் போர்வைக்காரர். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்க, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதில் படகோட்டி, குனிந்து அமர்ந்த ஓர் உருவம், ஒரு குழந்தை.

அடுத்தது, காட்சிகளைத் தெரிந்த ஊருக்கு இறக்குவது. ஹைதராபாத்தின் நாச்சாரம் என்றால் பட்டறை தொழிற்பேட்டையின் லேத்தாகும். படகு, உப்பல் போகும் ஷேர் ஆட்டோவாகும். கவிழ்ந்த மூன்று, வேலை போன மூன்று பேர். பின்னால் நிற்கும் இரண்டு என்ன என்பதுதான் கதை. போர்வைக்காரருக்கு அது தெரியாது, எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நிதானிக்காமல் எழுதினால், வேலை போனது, ஊரைவிட்டுப் போனார் என்று செய்திக்குறிப்பாக முடிந்துவிடும்.

எழுதி முடித்ததும் வரிசையைத் திருப்பிப் பார்க்கலாம். இப்போது குடும்பம் ஆட்டோவிலிருந்து நாச்சாரத்தில் இறங்குகிறது. மூன்று இடங்களில் வேலை இல்லை என்கிறார்கள். கடைசிச் சீட்டில் லேத்தின் முன் உட்கார்ந்திருப்பவன், முதல் சீட்டில் குழந்தையாக வந்தவன்.