கண்ணைப் பார்த்த வைத்தியர் சர்க்கரையைக் கேட்பதேன்?

சரவெடி பின்னுகையில் திரி மங்கலாகத் தெரிகிறதே என்று, கண்ணாடி வாங்கும் எண்ணத்தோடு மட்டும் சிவகாசியிலிருந்து மதுரைக்குப் போகும் ஒருவரிடம், சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து உள்ளே நோக்கிய வைத்தியர், "சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா?" என்று வினவினால், அவர் திகைப்பது இயல்பே.

கண்ணுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

சரீரத்தில் கத்தி படாமல் இரத்தக் குழாய்களை இத்தனை தெளிவாகக் காண விழித்திரையைப் போல் வேறிடமில்லை. அதைக் காட்டும் கருவியை 1851-இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

நம் கரிசல் காட்டுக் கிணற்று வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை இளகினால் நீர் கசியும். கசிந்த இடம் காய்ந்ததும் வெள்ளையாய் உப்புப் பூக்கும். அவ்வாறே, பல வருஷங்களாக மிகுந்து நிற்கும் சர்க்கரையால் சுவர் நலிந்த நுண்குழாய்கள் ஆங்காங்கே புடைத்து, சிந்திய இரத்தம் செம்புள்ளிகளாகவும், கசிந்த கொழுப்பு மஞ்சள் திட்டுகளாகவும் விழித்திரையில் படிகின்றன.

வலி இராது, ஆரம்பத்தில் பார்வையும் குன்றாது. அதுதான் இதன் வஞ்சகம். சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் இப்படியே நலியக்கூடும். ஆனால் அங்கே எட்டிப்பார்க்க ஜன்னல் இல்லை.

ஆகவே, நாற்பது கடந்தவரானால், கண்ணாடிக்கு அளவு கொடுத்ததோடு திரும்பிவிடாமல் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்திட்டபின் சில மணி நேரம் வெயிலில் கண் கூசுமாதலால், துணைக்கு ஓர் ஆளை அழைத்துச் செல்லுங்கள்.